வைக்கோலும் மண்ணின் கடனும்

நற்பிட்டிமுனையிலும் அதனையடுத்த கல்முனைக் கரையோர ஊர்களிலும் ‘வேளாண்மை’ என்றால் அது நெற்பயிரையே குறிக்கும். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த வரம்புகளில் நின்று செய்யும் அவ்வேளாண்மையின் வரலாற்றை எழுதப் புகுவோர், நிலவுரிமையையும் நீர்ப்பாசனத்தையும் ஆராய்வர், வைக்கோலைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், மண்ணின் செல்வம் எவ்வழியாக வெளியேறியது என்ற வினாவுக்கு விடை பகர்வது அந்த வைக்கோலே.

பயிருக்கு வேண்டிய முதன்மையான ஊட்டங்கள் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என மூன்று. தண்டுக்கு உறுதியும், நோயையும் வறட்சியையும் தாங்கும் வலிவும் தருவது பொற்றாசியம். நெற்பயிர் உறிஞ்சும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்குகிறது. மணியை மட்டும் எடுத்தால் மண்ணுக்கு இழப்புச் சிறிது; வைக்கோலையும் எடுத்தால் பெரிது. குதிரைமசால் என்னும் தீவனப் பயிரை ஆண்டிற் பலமுறை வெட்டிச் செல்லும் நாடுகள் இவ்வுண்மையைப் பட்டறிந்தன. உலர்ந்த குதிரைமசால் ஒரு தொன்னுடன் சுமார் 20 கிலோகிராம் பொற்றாசியம் நிலத்தை விட்டு நீங்குகிறது. எடுத்ததைத் திருப்பியிடாத வயலில் அப்பயிர் சில ஆண்டுகளில் நலிந்து அருகிவிடுகிறது.

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் 1840இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அவரைக் கற்ற கார்ல் மார்க்ஸ், முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே சுரண்டுகிறது என்று 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற்பாகத்தில் எடுத்துக்காட்டினார். இதற்கிடையே 1861இல் ஜேர்மனியின் ஸ்டாஸ்பர்ட் நகரில் பொற்றாசியப் பசளை ஆலை எழுந்தது. மண்ணின் கடனைத் தீர்க்கும் மருந்து அன்றே விற்பனைப் பண்டமாயிற்று. முதல் உலகப்போர் ஜேர்மனியின் ஏற்றுமதியைத் துண்டித்தபோது, அமெரிக்க விவசாயிகளும் அதன் விலையேற்றத்தால் வருந்தினர்.

நம் நாட்டில் எப்பாவலயில் பொசுபேற்றுப் படிவு உண்டு. பொற்றாசியச் சுரங்கமோ இல்லை. எனவே நமக்கு வாய்த்த பொற்றாசியக் களஞ்சியம் வைக்கோலும் சாணமும் சாம்பலுமே. போடியார் நிலத்தில் பிறர் உழைத்த பழைய அமைப்பில், எருமைகள் மிதித்துச் சூடடித்த களத்திலே வைக்கோல் குவிந்தது. மாடு தின்றதும் களத்தோரத்தில் எரிந்ததும் போக, வயல் முழுவதற்கும் அது சீராகத் திரும்பியதில்லை. ஆகவே பழைமை அனைத்தையும் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்தது, பாசனம் விரிந்தது. 1950களில் வாழைச்சேனைக் காகித ஆலை எழுந்தபோது, வைக்கோலே அதன் மூலப்பொருளாயிற்று. நாட்டுக்குக் காகிதம் வேண்டியதே; மாணவர் கையில் கொப்பி வேண்டியதே. ஆனால் வயலை விட்டு நீங்கிய பொற்றாசியத்துக்கு எந்தக் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படவில்லை. பசளையை மிகுதியாக வேண்டும் புதிய நெல்லினங்கள் பரவிய காலமும் அதுவே. 1962இல் அரசாங்கம் பசளை மானியத்தைத் தொடங்கிற்று. 2005இல் 50 கிலோகிராம் மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. ஏழை உழவனுக்கு அது பெருந்துணை. எனினும், மலிவான மூடை கைக்கெட்டிய காலத்தில் வைக்கோலை எரிப்பதன் இழப்பு எவர் கண்ணிலும் படவில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோதும், பெரும்போக விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. மண்ணைப் பேணும் மாற்றுவழிகளைப் பல்லாண்டு முயன்று வளர்க்காமல், கட்டளையொன்றால் ஒரே போகத்தில் இயற்கை விவசாயத்தைப் படைக்க முனைந்ததன் விலையை உழவனே செலுத்தினான்.

கணக்கு எளியது. ஹெக்டயர் ஒன்றில் கிடைக்கும் 4 தொன் வைக்கோலில் ஏறத்தாழ 55 கிலோகிராம் பொற்றாசியம் உண்டு. அது கடையில் வாங்கும் இரண்டு மூடைப் பொற்றாசியப் பசளைக்கு ஈடு. அவ்வைக்கோலை எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முற்றாகப் போகும். பொற்றாசியத்தில் பெரும்பகுதி சாம்பலில் எஞ்சும். ஆயின் ஒரே மூலையிற் குவித்து எரித்தால் அச்சாம்பலின் பயன் அம்மூலைக்கே ஆகும். வைக்கோலைப் பரப்பி உழுது மக்கவிடுவதே சீரிய வழி. அதனால் யூரியாவின் தேவை ஒழிந்துவிடாது. பொற்றாசியத்துக்காக அயல்நாட்டு விலையை நோக்கிக் கைகட்டி நிற்கும் நிலையேனும் தளரும்.

இதை உழவன் அறியாதவனல்லன். அடுத்த போகத்தில் அந்நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவன் எவ்வாறு அதற்கு முதலிடுவான்? குத்தகை உழவரைக் காக்க 1958இல் நெற்காணிச் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தை மீறிப் பலர் வெளியேற்றப்பட்டனர். உழைப்பவனுக்கு நிலத்தில் உறுதியான உரிமை கிடைக்கும்வரை மண்வளம் பற்றிய அறிவுரை ஏட்டுச் சுரைக்காயே. மண்ணின் கடனைத் தீர்க்கும் முயற்சியும் உழவனின் உரிமைப் போராட்டமும் ஒன்றே என்பதை, வகுப்பறையிலும் வயல்வெளியிலும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.