ஒரு தட்டு, மூணு கிளை... எதிரி நாட்டு வரவேற்பறைக்குள் நுழைஞ்ச இகெபானா!

'இகெபானா'ன்னு கூகுள்ல தேடிப் பாருங்க, படங்களா கொட்டும். அகலமான ஒரு தட்டு, வளைஞ்ச ஒரு கிளை, ரெண்டு பூ, மிச்சமெல்லாம் காலி இடம். 'இவ்ளோதானா, இதை நாமளே செய்யலாமே'ன்னு தோணும். தாராளமா செய்யலாம், எப்படின்னு கீழே சொல்றேன். ஜப்பானியர்களின் இந்தப் பூக்கலை அடுத்த நாட்டு வீடுகளுக்குள் போன கதையை முதல்ல படிச்சிடுங்க. நடுவுல ஒரு பெரிய போரே இருக்கு.

இதன் தொடக்கம் கோயில்ல. கியோட்டோவில் ரொக்ககுதோ என்ற அறுகோண வடிவ புத்தர் ஆலயம் இருக்கு. அங்கே புத்தருக்குப் பூ வைத்த துறவிகளின் மரபுதான் 'இகெனோபோ' பள்ளி. அந்தப் பள்ளியைச் சேர்ந்த சென்கெய் என்ற துறவி பூ அலங்கரித்ததை, 1462-ம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. ரொம்ப காலம் இது பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. பெண்கள் பள்ளிகளில் பாடமா வந்தது மெய்ஜி காலத்துல.

இப்போ 1942-க்கு வருவோம். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அந்த நாட்டு அரசே பிடித்து முள்வேலி முகாம்களில் அடைத்தது. அதில் பெரும்பாலானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டையும் கடையையும் விட்டுட்டுப் போனார்கள். பாலைவனம் மாதிரியான அந்த இடங்கள்லயும் இகெபானா வகுப்பு நடந்தது! உண்மைப் பூ கிடைக்காதப்போ காகிதத்தில் பூ செய்தார்கள். டூலி லேக், டோபாஸ் முகாம்கள் இருந்தது பழைய ஏரிப் படுகைகளில். அங்கே மண்ணைத் தோண்டி எடுத்த குட்டிக் குட்டி சிப்பிகளும் பூவாச்சு. தாங்கவே முடியாததைக் கண்ணியம் குலையாமல் தாங்கிக்கிறதை ஜப்பானிய மொழியில் 'கமன்'னு சொல்வாங்க. அந்தப் பூக்களைப் பார்த்தா அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரியும்.

அந்தப் பக்கம் டோக்கியோவில் என்ன நடந்தது? 1945 மார்ச் மாதம் ஒரே இரவுக் குண்டுவீச்சில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்துப்போனார்கள். போர் முடிஞ்சு அமெரிக்க ராணுவம் வந்து உட்கார்ந்தது. கூடவே அதிகாரிகளின் குடும்பங்களும் வந்தன. அந்த வீட்டுப் பெண்களுக்குப் பூ வைக்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் சோஃபு தெஷிகஹாரா. 1927-ல் 'சோகெத்சு' பள்ளியைத் தொடங்கியவர். யார் வேணா, எங்கே வேணா, எந்தப் பொருளை வெச்சும் இகெபானா செய்யலாம் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை.

இதை 'அன்பு வென்றது'ங்கிற சினிமா கதையா மாத்திட வேண்டாம். எரிஞ்சுபோன ஊர்ல ஆசிரியர்களுக்கு வகுப்புக் கட்டணமும் தேவைப்பட்டிருக்கும்தானே! ஆனா, தன் ஊரை எரிச்ச நாட்டுக்காரங்க பக்கத்துல உட்கார்ந்து, 'இந்தக் கிளையைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க'ன்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்.

அப்படிக் கத்துக்கிட்டவர்களில் ஒருவர் எல்லன் கார்டன் ஆலன், அமெரிக்க ராணுவ ஜெனரலின் மனைவி. 1956-ல் டோக்கியோவில் 'இகெபானா இன்டர்நேஷனல்' அமைப்பைத் தொடங்கினார். 'மலர்கள் வழியே நட்பு' என்பது அதன் முழக்கம். எந்த ஒரு பள்ளிக்கும் சொந்தமில்லாம, எல்லாப் பள்ளிக்காரர்களையும் சேர்த்தது அவர் செய்த புத்திசாலித்தனம். இன்னிக்குப் பல நாட்டு ஊர்களில் அதன் கிளைகள் கூடுகின்றன. ஒருத்தர் செஞ்சு காட்டுவார், மத்தவங்க பார்த்துச் செய்வாங்க.

இந்தக் கலை பரவினதுக்கு இன்னொரு காரணம், வகுப்பு நடக்கிற விதம். நீங்க வெச்சு முடிச்சதும் ஆசிரியர் வந்து ஒரு கிளையை நகர்த்துவார், இன்னொண்ணை வெட்டியே போட்டுடுவார். பெரும்பாலும் எடுக்கிறதுதான் திருத்தம். அப்புறம் மொத்தத்தையும் கலைச்சு, பூவை செய்தித்தாளில் சுத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் திரும்ப வைக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணுல படுறது அங்கேதான்.

சரி, நீங்க செய்ய என்ன வேணும்? ஆழம் குறைஞ்ச தட்டு, கத்தரிக்கோல், 'கென்சான்'. கென்சான்ங்கிறது நிறைய ஊசிகள் மேல்நோக்கி நிற்கிற கனமான உலோகத் தாங்கி. சோகெத்சு பள்ளியின் முதல் பாடத்தில் மூணு முக்கியக் கிளைகள்: ஷின், சொயே, ஹிகாயெ. தட்டின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டி, ஒன்றரையால் பெருக்கினா ஷின்னோட நீளம். தட்டு 24 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம்னா ஷின் 45 செ.மீ. அதுல முக்கால் பங்கு, அதாவது சுமார் 34 செ.மீ. சொயே. சொயேயில் முக்கால் பங்கு ஹிகாயெ, சுமார் 25 செ.மீ. நேர்க்குத்துக் கோட்டிலிருந்து முறையே 15, 45, 75 டிகிரி சாய்ச்சுக் குத்துங்க. மூணும் ஒரே திசையில் வரிசையா நிற்க வேண்டாம். அடியில் சின்னப் பூக்களை வெச்சு கென்சானை மறைச்சிடுங்க. தண்டை தண்ணிக்குள்ள முக்கி வெச்சே வெட்டணும். காத்து உள்ளே போகாது, பூ கூடுதல் நேரம் நிற்கும். இதுக்கு 'மிஸுகிரி'ன்னு பேரு.

தெரு நண்பர்களுக்கோ காலேஜ் விழாவிலோ சொல்லிக்கொடுக்கப் போறீங்களா? கிமோனோ வாடகைக்கு எடுத்து செல்ஃபி எடுக்கிறதோட நிறுத்திக்காதீங்க, அதுல யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. ஆளுக்கு மூணு கிளை கையில கொடுங்க, போதும். பைன் மரக்கிளைக்கும் பீச் பூவுக்கும் அலைய வேண்டாம். ஜப்பானில் புத்தாண்டுக்கு பைன், மார்ச் 3-ம் தேதி பொம்மைத் திருநாளுக்கு பீச் பூ, இலையுதிர்கால நிலவு பார்க்கும் நாளுக்கு சுசுகி புல் வைக்கிறாங்கன்னா, அந்தந்தப் பருவத்துல அங்கே கிடைக்கிறது அதுதான். உங்க வீட்டைச் சுத்தி இந்த மாசம் என்ன இருக்குன்னு பாருங்க. கல்வாழை, குரோட்டன்ஸ், வேலியில் கிடக்கிற காய்ஞ்ச குச்சி... எல்லாமே ஓகே. செம்பருத்தி மட்டும் ஒரே நாள்ல வாடிடும்.

முடிஞ்சதும் பூவைப் பேப்பரில் சுத்தி வந்தவங்க கையில கொடுத்து அனுப்புங்க. கென்சானைக் கழுவி ஈரம் போகக் காய வைங்க. ஊசி நல்லாவே குத்தும், குழந்தைங்க கைக்கு எட்டாத இடமா இருக்கட்டும்.