கிண்டியின் கல்விக் காணொலிகளும் தமிழ்த் தேடுசொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு காணொலியை உருவாக்குவதும் அதனை வேண்டுவோரிடம் சேர்ப்பதும் வெவ்வேறு வினைகளாகும். முன்னதற்குப் படக்கருவி, ஒலிவாங்கி, தொகுப்புக் கருவி ஆகியன தேவை. பின்னதற்குச் சொல் தேவை. இணையத்தில் ஒருவர் தேடுபெட்டியில் இடும் சொல், காணொலியின் தலைப்பு, விளக்கம், துணைவரி ஆகியவற்றிலுள்ள எழுத்துகளோடு பொருந்தும்போதே அக்காணொலி பெரிதும் அவர் கண்ணில் படுகிறது. எனவே தமிழ்க் காணொலிகளைக் கண்டடையும் வரலாற்றைப் படக்கருவியின் வரலாறாக மட்டும் எழுதுதல் நிறைவுடையதாகாது. தமிழ் எழுத்து கணினியில் நிலைபெற்ற வரலாறும் அதன் பகுதியாகும். சென்னை கிண்டியையும் அதனை ஒட்டிய பகுதியையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகிறது.

நேரத்தால் கண்டடைந்த காலம்

1794ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய பொறியியற் கல்லூரி 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1978இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. பல்கலைக்கழக மானியக்குழு 1984 ஆகஸ்டு 15 அன்று, இன்சாட்-1பி செயற்கைக்கோளின் துணையோடு, ‘நாடு தழுவிய வகுப்பறை’ என்னும் நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. இதற்கான பாடங்களைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஊடக மையங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இயங்கியது.

அக்காலத் தயாரிப்பு ஒளிநாடாவைச் சார்ந்தது. ஒரு காட்சியைத் தொகுப்பதற்கு ஒரு நாடாவிலிருந்து மற்றொரு நாடாவிற்கு வரிசைமுறையில் படியெடுக்க வேண்டும். இடையில் ஒரு காட்சியைச் சேர்க்க விரும்பினால், அதற்குப் பின்வரும் பகுதியை மீண்டும் படியெடுக்க நேரும். படியெடுக்குந்தோறும் படத்தின் தெளிவு குறையும். இவ்வாறு உழைத்து உருவாக்கிய பாடத்தை மாணவர் கண்டடைந்தது நிகழ்ச்சி நிரலின் வழியாகவே. ஒளிபரப்பு நேரம் தவறினால் பாடமும் தவறியது. பாடத்தின் தலைப்பு நாடாப் பெட்டியின் மேலட்டையிலும், பதிவேட்டிலும், திரையில் தோன்றும் படத்தின் பகுதியாகவும் இருந்ததேயன்றி, தேடத்தக்க எழுத்தாக எங்கும் இருக்கவில்லை.

எழுத்து நிலைபெற்ற காலம்

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடைபெற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். அதுவரை தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட சொல் மற்றொன்றில் பொருளற்ற வரிசையாகத் தோன்றியது. மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையையும், தமிழுக்கு மட்டுமான ‘டாம்’, தமிழும் ஆங்கிலமும் இணைந்த ‘டாப்’ என்னும் குறியேற்றங்களையும் ஏற்றது. இம்மாநாட்டின் தொடர்ச்சியாக 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில், அண்ணா பல்கலைக்கழகத்தை அடுத்த காந்தி மண்டபச் சாலையில் இயங்குகிறது.

எனினும் இக்குறியேற்றங்கள் தமிழுக்குள் ஒழுங்கை ஏற்படுத்தினவேயன்றி, உலகளாவிய தேடலுக்குப் போதுமானவையாகவில்லை. அத்தேவையை நிறைவுசெய்தது ஒருங்குறி. அதன் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஒரு சொல்லை எழுதுபவரும் தேடுபவரும் ஒரே எண்களால் அதனைக் குறிக்கும் நிலை இதனால் உறுதிப்பட்டது.

இணையவழிப் பாடங்கள்

கிண்டியை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒருங்கிணைப்பில், 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டம் செயற்பாட்டிற்கு வந்தது. ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இதில் இணைந்து, பொறியியல், அறிவியல் விரிவுரைகளைக் காணொலியாக்கின. அவ்வாண்டிலேயே எச்.264 என்னும் சுருக்கத் தரமும் வெளிவந்தது. அது முன்னைய தரங்களைக் காட்டிலும் குறைந்த தரவில் தெளிவான படத்தை அனுப்ப வழிசெய்தது. 2005இல் தொடங்கிய யூடியூப் தளத்தில் இவ்விரிவுரைகள் பின்னர் இடம்பெற்றன. நிகழ்ச்சி நிரலின் இடத்தைத் தேடுபெட்டி பிடித்தது.

இத்திட்டத்தில் விரிவுரைகளின் எழுத்து வடிவமும் துணைவரிகளும் உருவாயின. அவை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கவும் பட்டன. துணைவரிக் கோப்பு என்பது ஒவ்வொரு தொடருக்கும் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் இணைத்த எளிய எழுத்துக் கோப்பாகும். செவித்திறன் குறைந்தோர்க்கு உதவுவதற்கு அப்பால், விரிவுரையாளர் சொன்னவற்றைத் தேடத்தக்க எழுத்தாக்கும் பணியையும் அது செய்கிறது. படத்தின் மீதே பதித்த எழுத்து மனிதக் கண்ணுக்குப் புலப்படினும், தேடற்குரிய எழுத்தாக அது கோப்பில் அமைவதில்லை.

‘கிண்டி’ என்னும் சொல்

‘கிண்டி’ என்பது இலக்கணப்படி மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியில் அஃது ஆறு குறிகளின் வரிசை: ககரம், இகரக் குறி, ணகரம், புள்ளி, டகரம், இகரக் குறி. மேலும், ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தோன்றினும், அவற்றை இயல்பாக்காத மென்பொருள் வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும்.

வேற்றுமை உருபு ஏற்பதும் இத்தகைய சிக்கலே. கிண்டியில், கிண்டிக்கு, கிண்டியிலிருந்து என வரும் வடிவங்களுள் எதனை ஒருவர் தேடுவார் என்பதை முன்னறிய இயலாது. ஆதலால் தலைப்பில் சொல்லின் அடிப்படை வடிவமும், விளக்கத்தில் வேற்றுமை ஏற்ற வடிவங்களும், ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலும் அமைதல் நலம். ஏட்டுச்சுவடிக்கு அட்டவணை ஆற்றிய பணியைக் காணொலிக்கு இவ்விளக்கக் குறிப்பு ஆற்றுகிறது. அட்டவணையில் இடம்பெறாத சுவடி, நூலகத்தில் இருந்தும் இல்லாததைப் போன்றதே.

முடிவுரை

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகியவற்றைத் தமிழ்வழியிலும் கற்பிக்கத் தொடங்கியது. தமிழ்வழி மாணவர் ஒருவர் ‘விட்டத்தின் வளைவு’ எனத் தேடும்போது, அப்பாடத்தைத் தமிழில் விளக்கும் காணொலி ஆங்கிலத் தலைப்பை மட்டும் தாங்கியிருப்பின், அஃது அவர் முன் தோன்றும் வாய்ப்பு குறைவு. அறிவு தமிழில் இருந்தும் தமிழில் தேடுவோர்க்கு எட்டாமற்போகும் நிலை இது.

ஒளிநாடாக்களின் நிலை இன்னும் அவசரமானது. அவற்றின் காந்தப் பூச்சு காலப்போக்கில் சிதைவது. அவற்றை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. அவற்றை எண்ணிமமாக்கும் பணி படத்தை மீட்பதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு நாடாவிற்கும் தமிழ்த் தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு, பாடப்பொருள், பேச்சின் எழுத்து வடிவம் ஆகியவற்றை ஒருங்குறியில் பதிதல் வேண்டும். கிண்டியில் 1980களில் படமாகத் தொடங்கிய முயற்சியும் 1999இல் எழுத்தாகத் தொடங்கிய முயற்சியும் ஒன்றிணைய வேண்டிய இடம் இதுவே.