பத்தொன்பதாம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களின் சான்றுத் தகுதி

1. முன்னுரை

வரலாற்று நூல்களில் இடம்பெறும் படங்கள் பெரும்பாலும் அணிகலன்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. எழுத்தாவணம் ஒன்றை எடுத்தாளும் ஆய்வாளர், அதனை எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், யாருக்காக எழுதினார் என வினவாமல் மேற்செல்வதில்லை. அவரே தம் நூலில் பழைய இதழ்ப்படம் ஒன்றைச் சேர்க்கும்பொழுது, இவ்வினாக்களுள் ஒன்றையேனும் எழுப்புவது அரிதாக உள்ளது. படம் கண்ணுக்கு நேரே நிற்பதால் அதற்குச் சான்று வேண்டுவதில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் பெரியோரின் உருவங்களையும், அறிவியற் செய்திகளையும், தொழிற்சாலைகளையும் பொதுமக்களுக்குக் காட்டியவை மரச்செதுக்குப் படங்களே ஆகும். இவற்றை எந்த அளவுக்கு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தொழில் வளர்ந்த இங்கிலாந்திலிருந்தும், அது பரவிய அமெரிக்காவிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் முதலில் தரப்படுகின்றன. அவற்றிலிருந்து பெறப்படும் அளவுகோல், சென்னை மாகாணப் பஞ்சப் படங்களுக்கு இறுதியில் பொருத்திப் பார்க்கப்படுகிறது.

2. தொழில்நுட்பமும் பல கைகளும்

செப்புத்தகட்டுப் படத்தில் மை, தகட்டின் பள்ளங்களில் தங்குகிறது. அதனைத் தாளில் ஏற்றத் தனி அச்சுப்பொறி வேண்டும். எனவே செப்புத்தகட்டுப் படங்கள் தனித்தாளில் அச்சிடப்பெற்று நூலுள் இணைத்துக் கட்டப்பட்டன. விலையும் மிகுதியாயிற்று. இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் நியூகாசில் நகரத்துச் செதுக்குநர் தாமஸ் பியூவிக் (1753-1828). அவர் பாக்ஸ் மரத்தைக் குறுக்காக அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் உலோக வேலைக்குரிய கூரிய உளியால் செதுக்கினார். 1790இல் வெளிவந்த அவரது நாற்கால் விலங்குகள் பற்றிய நூலும், 1797இலும் 1804இலும் வந்த பறவைகள் பற்றிய இரு தொகுதிகளும் இம்முறையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தின. நீளவாக்கில் அறுத்த பலகையில் கத்தியால் வெட்டும் பழைய முறையில் இத்தகைய நுண்கோடுகளைப் பெறுதல் அரிது.

மரக்கட்டையில் மை, மேடான பகுதியில் படிகிறது. ஈய எழுத்தின் உயரத்திற்குச் சமமாகக் கட்டையை அமைத்துவிட்டால், படமும் எழுத்தும் ஒரே சட்டத்தில் பூட்டப்பெற்று ஒரே அழுத்தத்தில் அச்சாகும். கட்டையிலிருந்து உலோக வார்ப்புகள் எடுக்கப்பட்டமையால் படிகளின் எண்ணிக்கையும் பெருகியது. சார்லஸ் நைட் 1832 மார்ச் 31இல் தொடங்கிய பென்னி மேகசின், ஒரு பென்னி விலையில் படங்களை உழைக்கும் மக்களிடம் கொண்டுசேர்த்தது. அவ்வாண்டின் முடிவில் அதன் விற்பனை 2,00,000 படிகளை எட்டியதாக நைட் கூறினார். தாள் செய்தல், மரம் செதுக்குதல், வார்ப்பெடுத்தல், அச்சிடுதல் ஆகிய நான்கையும் விளக்கும் கட்டுரைத் தொடர் ஒன்றை 1833இல் அவ்விதழே வெளியிட்டது. ஓர் இதழ் தன் பிறப்பு வரலாற்றைத் தானே படத்துடன் கூறியமை குறிப்பிடத்தக்கது.

பாக்ஸ் மரத்தின் அடிப்பகுதி பருமன் குறைந்தது. ஆகவே பெரிய படத்திற்குப் பல சிறு கட்டைகளை இணைக்க வேண்டியிருந்தது. அவை பின்புறம் திருகாணிகளால் பிணைக்கப்பட்டன. ஓவியர் வரைந்து முடித்ததும் கட்டைகள் பிரிக்கப்பெற்றுப் பல செதுக்குநர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இணைப்பு ஓரங்களில் கோடுகள் பிசகாதவாறு தலைமைச் செதுக்குநர் முன்னரே சிறிது செதுக்கிவைப்பார். ஓர் இரவிற்குள் பெரும்படம் ஒன்று உருவாகியது இம்முறையினாலேயே ஆகும். இன்றும் அப்படங்களில் குறுக்கும் நெடுக்குமாகத் தென்படும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அக்கட்டைகளின் எல்லைகளைக் காட்டுகின்றன.

ஆகவே மூலத்தைத் தந்தவர், கட்டையில் வரைந்தவர், செதுக்கியோர், படத்தின் கீழ் வாசகம் எழுதிய இதழாசிரியர் எனப் பலர் ஒரு படத்திற்குப் பொறுப்பாளர் ஆகின்றனர். 1842 மே 14இல் வெளிவந்த இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் முதல் இதழ் இதற்குச் சிறந்த சான்றாகும். ஹாம்பர்க் நகரில் அம்மாதத் தொடக்கத்தில் மூண்ட பெருந்தீயை அவ்விதழ் படமாக வெளியிட்டது. தீயை நேரிற் கண்டு வரைந்தவர் எவரும் இலர். பிரித்தானிய அருங்காட்சியகத்திலிருந்த பழைய நகரக்காட்சி ஒன்றைப் பார்த்து வரைந்து, தீப்பிழம்புகளையும் மக்கள் கூட்டத்தையும் சேர்த்தனர் என்பது, அவ்விதழின் தோற்றத்தில் பங்கேற்ற ஹென்றி விசெட்டெலியின் நினைவுக்குறிப்பால் தெரியவருகிறது. நகரின் அமைப்புக்கு அப்படம் ஓரளவு சான்றாகலாம்; தீ விபத்துக்குச் சான்றாகாது. ஒரே படத்தின் இரு கூறுகளுக்கு இருவேறு தகுதிகள் உள்ளன என்பது இதனாற் பெறப்படுகிறது.

3. பெரியோர் உருவப்படங்கள்

ஒளிப்படக் கலை பரவிய பின்னர், "ஒளிப்படத்திலிருந்து" என்னும் குறிப்புடன் உருவப்படங்கள் வெளிவரலாயின. ஒளிப்படத்தை எழுத்துடன் சேர்த்து அச்சிட அக்காலத்தில் வழியில்லை. அதனைப் பார்த்து மரத்தில் செதுக்கியே வெளியிட்டனர். அக்குறிப்பு வாசகரிடம் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. அந்நம்பிக்கை எப்பொழுதும் பொருத்தமானதன்று.

ஆபிரகாம் லிங்கனின் உருவப்படம் இதனை விளக்கும். 1860 பிப்ரவரி 27இல் நியூயார்க்கில் மேத்யூ பிராடி அவரை ஒளிப்படம் எடுத்தார். லிங்கனின் நீண்ட கழுத்து தோன்றாதவாறு கழுத்துப்பட்டையைத் தாமே உயர்த்திவிட்டதாகப் பிராடி பின்னர்க் கூறினார். அவ்வாண்டு நவம்பரில் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழ் பிராடியின் பெயருடன் அப்படத்தைச் செதுக்கி முகப்பில் வெளியிட்டபொழுது, ஒளிப்படத்தில் இல்லாத பின்னணி சேர்க்கப்பட்டிருந்தது. தேர்தலுக்குப்பின் லிங்கன் தாடி வளர்க்கத் தொடங்கியதும், அச்சகத்தார் சிலர் இதே படத்தில் தாடியை வரைந்து புதுப்படமாக விற்றனர்.

இதனினும் வியப்புக்குரியது வேறொன்று. 1852இல் ஏ. எச். ரிச்சி, அடிமை முறையை ஆதரித்த ஜான் கால்ஹூனின் முழு உருவத்தை உலோகத்தகட்டில் செதுக்கியிருந்தார். பிற்காலத்தில் அத்தகட்டில் கால்ஹூனின் தலை நீக்கப்பட்டு லிங்கனின் தலை பொருத்தப்பட்டது. மேசைமேலிருந்த தாள்களின் சொற்களும் மாற்றப்பட்டன. அவற்றுள் மாநிலங்களின் இறைமையைக் குறித்த சொற்கள் மறைந்து விடுதலை அறிவிப்பைக் குறித்த சொற்கள் இடம்பெற்றன. அடிமை முறையைக் காத்தவரின் உடல் அதனை ஒழித்தவரின் உடலாயிற்று. இப்படம் லிங்கனின் தோற்றத்திற்குச் சான்றன்று. ஆயினும், தலைவர் ஒருவர் எத்தகைய நிலையில் நிற்க வேண்டும் என அக்கால மக்கள் எதிர்பார்த்தனர் என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

4. அறிவியற் படங்கள்

அறிவியல் நூல்களில் செதுக்குநரின் தலையீடு குறையாகவே முடியும் என்று கொள்ளுதல் தவறு. ஒளிப்படம் எல்லாவற்றையும் ஒருங்கே காட்டும். செதுக்குப் படம் வேண்டியதை மட்டும் பிரித்துக் காட்டும். 1858இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் இதற்கு எடுத்துக்காட்டு. ஹென்றி வேண்டைக் கார்ட்டர் வரைந்த அப்படங்களில், எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் பெயர்கள் அவ்வுறுப்புகளின் மீதே பொறிக்கப்பட்டன. மாணவர் எண்களைப் பார்த்து அடிக்குறிப்பைத் தேட வேண்டிய இடர் நீங்கியது. கார்ட்டர் அவ்வாண்டே இந்திய மருத்துவப் பணிக்கு வந்து, மதுரைக்கால் என்று பெயர்பெற்ற பூஞ்சை நோயை ஆராய்ந்து 1874இல் நூல் வெளியிட்டார். இன்று நூல் கிரேயின் பெயராலேயே வழங்குகிறது. படம் வரைந்தவரை அறிந்தோர் சிலரே.

நீக்குதல் விளக்கத்துக்குத் துணைசெய்யும் இடமும் உண்டு. சான்றை மாற்றிவிடும் இடமும் உண்டு. சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் அச்சத்தைக் காட்டும் முகம் ஒன்று செதுக்குப் படமாக உள்ளது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் வெளியிட்ட ஒளிப்படத்தைப் பார்த்து அது செதுக்கப்பட்டது. துஷேனின் ஒளிப்படத்தில், முதியவர் ஒருவரின் முகத்தசைகளில் மின்முனைகள் வைக்கப்பட்டிருப்பதும் அவற்றைப் பிடித்திருக்கும் கைகளும் தெரிகின்றன. அம்முதியவர் அஞ்சவில்லை, மின்விசையே தசைகளைச் சுருக்கியது. மின்கருவிகளை விட்டுவிடுமாறு டார்வின் செதுக்குநர் கூப்பருக்கு அறிவுறுத்தினார். துஷேனின் படங்கள் மின்விசையால் பெறப்பட்டவை என்பதை நூலின் உரை மறைக்கவில்லை. ஆயினும் உரையைப் படியாது படத்தை மட்டும் காண்பவர், செய்முறை ஒன்றின் விளைவை இயல்பான அச்சமாகவே கொள்வார். படத்தை உரையிலிருந்து பிரித்து எடுத்தாளுதல் எத்துணைப் பிழைக்கு இடந்தரும் என்பதை இது காட்டுகிறது.

5. தொழிற்சாலையும் சுரங்கமும்

பென்னி மேகசின் 1840களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளைப் பற்றிய கட்டுரைகளைப் படங்களுடன் வெளியிட்டது. ஜார்ஜ் டாட் எழுதிய அவை 1843இல் நூலாகவும் தொகுக்கப்பட்டன. இவ்வகைப் படங்களில் பொறிகள் பெரியனவாகவும் தூயனவாகவும் விளங்க, தொழிலாளர் பொறியின் அளவைக் காட்டும் சிறு உருவங்களாக நிற்கின்றனர். பொறியின் அமைப்பை அறிய இவை பயன்படும்; உழைப்பின் தன்மையை அறியப் போதா.

1842 மே மாதத்தில் வெளியான, சிறுவர் வேலை பற்றிய அரசு ஆணைக்குழுவின் முதல் அறிக்கை இதற்கு நேர்மாறானது. அவ்வறிக்கையின் படங்கள் கலைத்திறன் மிக்கவை அல்ல. இடையிற் கச்சையும் சங்கிலியும் பூண்டு, நான்கு கால்களால் நடப்பதுபோல் ஊர்ந்து நிலக்கரி வண்டியை இழுக்கும் சிறாரையும், கயிற்றில் பிணைந்தவாறு சுரங்கத்தினுள் இறக்கப்படும் சிறாரையும் அவை காட்டின. ஜூன் 7இல் ஆஷ்லி பிரபு நாடாளுமன்றத்தில் சட்ட வரைவைக் கொண்டுவந்தார். சுரங்க உடைமையாளரான லண்டன்டெரி பிரபு மேலவையில் அப்படங்களையே கண்டித்துப் பேசினார். ஆகஸ்ட் 10இல் சட்டம் நிறைவேறி, பெண்டிரும் 10 வயதிற்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வது தடுக்கப்பட்டது.

ஹாம்பர்க் தீயின் படமும் சுரங்கப் படங்களும் ஒரே மாதத்தில் வெளிவந்தவை. முன்னையதற்குப் பொறுப்பேற்ற சாட்சி எவரும் இலர். பின்னையவற்றுக்கு இடமும், விசாரித்த அலுவலரும், சிறாரின் வாக்குமூலங்களும் அறிக்கையிலேயே உள்ளன. எனவே படத்தின் சான்றுத் தகுதி அதன் தொழில்நுட்பத்தாலோ அழகாலோ அமைவதன்று. அதற்குப் பொறுப்பேற்போர் யார் என்பதாலேயே அமைகிறது எனத் துணியலாம்.

6. சென்னை மாகாணப் பஞ்சப் படங்கள்

இவ்வளவுகோலை நம் நாட்டுப் படங்களுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் கலைப்பள்ளியை நிறுவியபொழுது மரச்செதுக்கலும் அங்கு இடம்பெற்றது. எனினும் சென்னை மாகாணத்தைப் பற்றி உலகம் மிகுதியாகக் கண்ட படங்கள் லண்டனிலேயே செதுக்கப்பட்டன. அவை 1876-78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தைப் பற்றியவை.

1877 அக்டோபரில் தி கிராஃபிக் இதழ் பெல்லாரி மாவட்டத்தில் மக்களும் கால்நடைகளும் பட்ட துயரை வெளியிட்டது. அதே மாதம் 20ஆம் நாள் இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ், பெங்களூரில் உதவிக்குக் காத்திருக்கும் மக்களைக் காட்டியது. படை அலுவலரான டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர், எலும்பும் தோலுமான மக்களைக் குழுக்களாக அமர்த்தி ஒளிப்படங்கள் எடுத்திருந்தார். லண்டன் மேயரின் தலைமையில் உதவி நிதி திரட்டப்பெற்ற அக்காலத்தில், இத்தகைய படங்கள் இரக்கத்தை எழுப்பின என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இப்படங்கள் கூறாதவை சில உள. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் உதவிப்பணி செய்வோர்க்குரிய நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு தொகையுமாகக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உதவிக்குக் காத்திருக்கும் கூட்டத்தைக் காட்டும் படத்தில் அவர்கள் பெறப்போகும் அளவு தெரிவதில்லை. பசி தெரிகிறது, பசியின் காரணம் தெரியவில்லை. பெரியோர் உருவப்படங்களில் பெயரே முதன்மை பெற, பஞ்சப் படங்களில் இருப்போர் பெயரற்றவராக, ஊரற்றவராக நிற்கின்றனர். சுரங்கச் சிறாரின் வாக்குமூலம் போன்று அவர்களுடைய சொல் ஒன்றேனும் படத்துடன் இணைக்கப்படவில்லை. ஆதலின் இவற்றைப் பஞ்சத்தின் முழுச்சான்றாகக் கொள்ளாது, கார்னிஷ் போன்றோரின் பதிவுகளுடனும், 1878இல் வில்லியம் டிக்பி வெளியிட்ட பஞ்ச வரலாற்றுடனும் ஒப்பிட்டே பயன்படுத்துதல் தகும்.

7. முடிவுரை

நியூயார்க் டெய்லி கிராஃபிக் நாளிதழ் 1880 மார்ச் 4இல், ஒளிப்படத்தைப் புள்ளிகளாகப் பகுத்து எழுத்துடன் அச்சிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் மரச்செதுக்கல் இதழ்களிலிருந்து பெரிதும் விலகியது. தமிழ்நாட்டு அச்சகங்களில் உலோகப் படத்தகடு நெடுங்காலம் "பிளாக்" என்றே வழங்கியமை, மரக்கட்டையின் காலத்தை நினைவூட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றை எடுத்தாள்வோர், அதன் மூலம் எது, மூலத்தில் சேர்க்கப்பட்டதும் நீக்கப்பட்டதும் யாவை, அதனுடன் வந்த உரை யாது, அதற்குப் பொறுப்பேற்றவர் யார் என்னும் நான்கு வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது. விடை கிடைக்கும் அளவிற்கே படம் சான்றாகும். இதழ் குறித்த பெயரும் நாளும் இன்றிப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து அச்சிடும் வழக்கம், அவ்விடைகளைத் தேடும் வழியையே அடைத்துவிடுகிறது. நம் நூல்களில் பஞ்சப் படங்களை மீண்டும் அச்சிடும்பொழுது, இதழின் பெயரையும் நாளையும், செதுக்குப் படமா ஒளிப்படமா என்பதையும் குறிப்பிடுதல் குறைந்த அளவுக் கடமையாகும். அப்படங்களில் பெயரின்றி நிற்போருக்கு ஆய்வாளர் இன்று செய்யக்கூடியதும் அதுவேயாகும்.