உயிர்ச்சுவட்டுத் தாவரங்களை இனங்காணல்: வல்வெட்டித்துறையும் வட இலங்கையும்

கல்லில் பதிந்தோ கல்லாக மாறியோ எஞ்சிய இலை, தண்டு, மரம், விதை ஆகியவற்றைக் கொண்டு, ஒரு தாவரம் எந்தக் குலத்தைச் சேர்ந்தது, எக்காலத்தது, எந்தப் பாறைப்படையிலிருந்து வந்தது என்று நிறுவும் பணியே உயிர்ச்சுவட்டுத் தாவரத்தை இனங்காணல் ஆகும். அருங்காட்சியகம், பாடசாலை ஆய்வுகூடம், வீட்டு அலுமாரி என எந்தச் சேகரிப்பிலும் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு துண்டு கிடக்கக்கூடும். வடிவத்தைப் பார்த்ததும் பெயர் தேடப் புறப்படுவதே பலரின் வழக்கம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கல் எங்கே எடுக்கப்பட்டது என்பதுதான். இடம் தெரிந்தால் காலம் தெரியும். காலம் தெரிந்தால் இருந்திருக்கக்கூடிய தாவரங்களின் பட்டியல் சுருங்கிவிடும். இடம் தெரியாதபோது அந்தப் பதிலையும் கல்லிடமே கேட்டுப் பெறவேண்டும்.

வல்வெட்டித்துறையின் கல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அமைந்த வல்வெட்டித்துறை சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கிணறு வெட்டும்போது வெளிப்படுவதும் கரையில் அலை அரித்த பாறையும் ஒரே படைதான். மயோசீன் காலத்தில் ஆழமில்லாத வெப்பக் கடலில் அது படிந்தது. அந்தக் காலம் 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. ஈ. ஜே. வேலண்டும் ஏ. மோர்லி டேவிசும் 1923இல் இலண்டன் புவியியற் கழகத்தின் காலாண்டிதழில் இலங்கையின் மயோசீன் பாறைகளை விரிவாக விவரித்தனர். சிப்பி, சங்கு, முருகைக்கல், கடல் முள்ளெலி, போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடு ஆகியனவே இதில் பெரும்பாலும் காணப்படுவன. இப்போது சூடோடாபெரினா மலபாரிகா எனப்படும் போராமினிபெரா முதலில் கேரளத்தின் கொல்லம் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விவரிக்கப்பட்டது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லிலும் அது உண்டு. இரு கரைகளும் ஒரே காலத்துக் கடலின் அடியில் இருந்தன என்பதற்கு இந்தச் சிறு வட்ட ஓடே சாட்சி.

ஆகவே குடாநாட்டின் கல்லில் இலையையோ மரத்தையோ கண்டதாக ஒருவர் சொன்னால் முதலில் ஐயுறுவதே முறை. செடிபோலத் தோன்றும் பல பொருள்கள் இக்கல்லில் உள்ளன. கிளைவிட்ட முருகை உடைந்து கிடந்தால் சுள்ளிபோல இருக்கும். கைவில்லையில் பார்த்தால் அதன் மேற்பரப்பெங்கும் சிறு குழிகளும் குழிக்குள் ஆரைச் சுவர்களும் தெரியும். வெடிப்பு முகத்தில் பன்னத்தின் இலைபோலக் கருமையாகக் கிளைத்திருப்பது மங்கனீசு ஒட்சைட்டு ஊறிப் படர்ந்த கோலம். அதில் நடுநரம்பு இராது, ஒவ்வொரு கிளையும் மனம்போனபடி போகும். மண்ணுக்குள் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து உண்டான குழாய்களும் உண்டு. இவை வேரின் தடமே தவிர, எந்த மரம் என்று காட்டும் உள்ளமைப்பு பெரும்பாலும் அவற்றில் மிஞ்சுவதில்லை. சுண்ணாம்பு படிந்த கடற்பாசிகள் மட்டும் இப்படையின் உண்மையான தாவரச் சுவடுகள். அவற்றை மெல்லிய வெட்டுத் தகட்டில்தான் இனங்காண முடியும்.

தப்போவ: இலங்கையின் இலைப்படை

வல்வெட்டித்துறையில் உள்ள ஒரு சேகரிப்பில் சாம்பல் அல்லது செம்மஞ்சள் நிறமான சேற்றுக்கல்லில் இலை பதிந்திருந்தால், அது குடாநாட்டுக் கல்லாக இருக்க முடியாது. இலங்கைக்குள் தேடுவதானால் கண் போகவேண்டிய இடம் புத்தளத்துக்குக் கிழக்கே உள்ள தப்போவ. பழமையான உருமாறிய பாறைகளுக்கிடையே பிளவுபட்டுத் தாழ்ந்த ஒரு சிறு வடிநிலத்தில் மணற்கல்லும் சேற்றுக்கல்லும் அங்கே எஞ்சியுள்ளன. இவை யுராசிக் காலத்தவை. ஆண்டிகம, பள்ளம ஆகிய இடங்களிலும் இதையொத்த படைகள் உண்டு.

தப்போவவின் தாவரங்கள் பெயர்பெற்ற வரலாறு, ஒரு சேகரிப்பு எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையின் கனிய அளவைப் பணியில் இருந்த வேலண்டின் பெயரோடு இணைந்த இப்படைகளின் தாவரங்களை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் ஏ. சி. சூவர்டும் அவருடைய இளம் சகா ஆர். ஈ. ஹோல்ட்டமும் 1922இல் விவரித்தனர். சூவர்ட் உயிர்ச்சுவட்டுத் தாவரங்கள் பற்றி நான்கு தொகுதி நூல் எழுதி முடித்திருந்தவர். ஹோல்ட்டம் பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் இயக்குநராகி, உயிருள்ள பன்னங்களின் பேரறிஞராக விளங்கியவர். பன்ன இலைகளான கிளாடோபிளெபிஸ், நாடாபோன்ற டேனியோப்டெரிஸ், செதிலிலை கொண்ட ஊசியிலை மரக் கிளையான பிராக்கிபில்லம் ஆகியவை தப்போவவிலிருந்து பதிவானவை. இந்தியாவின் ராஜ்மகால் மலை, கச்சு, தமிழகக் கரை ஆகியவற்றின் மேல் கோண்டுவானாத் தாவரங்களோடு ஒப்பிட்டே அவற்றின் காலம் கணிக்கப்பட்டது. லக்னோவின் ஆர். வி. சித்தோலே 1940களில் இத்தாவரங்களை மீண்டும் ஆராய்ந்தார்.

இலையைப் படிப்பது எப்படி என்பதை டேனியோப்டெரிஸைக் கொண்டே விளக்கலாம். நீண்ட, நாக்குப்போன்ற இலையைக் கண்டதும் கற்றவர் பலர் குளோசோப்டெரிஸ் என்று சொல்லிவிடுவர், ஏனெனில் பாடநூலில் படித்த பெயர் அதுதான். இலையைச் சாய்வான ஒளியில் பிடித்து, நடுநரம்பிலிருந்து ஓரம்வரை பக்க நரம்பைப் பின்தொடரவேண்டும். நரம்புகள் ஒன்றோடொன்று கூடி வலைபின்னினால் குளோசோப்டெரிஸ். அது பெர்மியன் காலத்தது, தப்போவவைவிடப் பல கோடி ஆண்டு மூத்தது. கூடாமல் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் நேராக ஓரத்துக்கு ஓடினால் டேனியோப்டெரிஸ். ஓரிரு மில்லிமீற்றர் இடத்தில் தெரியும் இந்த வேறுபாடு, கல்லின் வயதையும் அது வந்த நாட்டையும் மாற்றிவிடும்.

நரம்பும் போதாத இடங்கள் உண்டு. டைலோபில்லம் போன்ற இறகுவடிவ இலைகள் சைக்கசு இலைகளை அப்படியே ஒத்திருக்கும். ஆனால் அவை பெனட்டிட்டேல்ஸ் எனப்படும், முற்றாக அழிந்துபோன வேறொரு குலத்தவை. கல்லில் கரித்தோல் மிஞ்சியிருந்தால் அதை நைத்திரிக் அமிலத்திலும் பொற்றாசியம் குளோரேற்றிலும் ஊறவைத்துப் புறத்தோலைப் பிரித்து, இலைவாயின் காவற்கலங்களும் அவற்றை அடுத்த கலங்களும் அமைந்த விதத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இரு குலங்களையும் இவ்வாறு பிரிக்கலாம் என்று தாமசும் பான்கிராப்டும் 1913இல் காட்டினர்.

பெயரிடலில் இன்னொரு சிக்கல். இலை, தண்டு, பூ ஆகியவை தனித்தனியே கிடைப்பதால் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் இடுவது மரபு. டைலோபில்லம் இலையும் பக்லாண்டியாத் தண்டும் வில்லியம்சோனியாப் பூவும் ஒரே மரத்தின் உறுப்புகள் என்று பீர்பல் சாஹ்னி 1932இல் ராஜ்மகால் கல்மாதிரிகளைக் கொண்டு நிறுவி, அந்தச் செடிக்குத் தம் ஆசிரியரான சூவர்டின் பெயரையே இட்டார். உறுப்புகளின் தொடர்பை நிறுவும்வரை உறுப்புப் பெயரோடு நின்றுகொள்வதே நேர்மையானது.

கப்பலில் வந்திருக்கக்கூடிய கல்மரம்

வல்வெட்டித்துறைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. இது பாய்க்கப்பல் ஊர். தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் இவ்வூர்க் கப்பல்கள் போய்வந்தன. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம்வரை சென்றது. அவ்வாறான ஊரின் வீடொன்றில் கல்மரத் துண்டு இருந்தால் அது உள்ளூரில் கிடைத்தது என்று கொள்ள இடமில்லை. தமிழகத்தில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், கடலூர் மணற்கல்லில், பெரும் கல்மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 18ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைக் குறித்திருக்கிறார். பர்மாவின் ஐராவதிப் படைகளும் கல்மரத்துக்குப் பேர்போனவை. அந்நாட்டுக் கல்மரம் ஒன்றுக்கு ரூத் ஹோல்டன் 1916இல் டிப்டெரோகார்பொக்சிலன் என்ற சாதிப்பெயரை இட்டார்.

கல்மரத்தின் வெளித்தோற்றம் ஏமாற்றும், வெட்டுமுகமே பேசும். சிறு துண்டை வைரவாளால் அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை, ஏறத்தாழ 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்ப்பார்கள். குறுக்காக ஒன்றும் நெடுக்காக இரு திசைகளில் இரண்டுமாக மூன்று வெட்டுகள் வேண்டும். குறுக்குவெட்டில் பெரிய துளை எதுவும் இன்றிச் சிறு கலங்கள் வரிசை வரிசையாக நின்றால் ஊசியிலை மரம். திருவக்கரையின் மெசெம்பிரியொக்சிலன் அத்தகையது. பெரிய காழ்க்கலன்கள் தெரிந்தால் இருவித்திலை மரம். காழ்க்கலன்களோடு பிசின் குழாய்களும் நீளத்துக்கு ஓடினால் டிப்டெரோகார்ப் குலத்தை நினைக்கலாம். அவை தனித்தனியே சிதறியிருக்கின்றனவா, வளையமாக வரிசைப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கொண்டு சாதியை அணுகலாம். இக்குலத்து மரங்கள் தமிழகக் கரையிலும் பர்மாவிலும் கிடைப்பதால், துண்டு எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதை மரம் மட்டும் சொல்லாது. வெடிப்புகளில் ஒட்டியிருக்கும் மணலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நுணுக்குக்காட்டி இல்லாமலே குடாநாட்டவர் கண்டுகொள்ளக்கூடிய கல்மரம் ஒன்று உண்டு. வெட்டுமுகத்தில் ஆண்டு வளையம் இல்லாமல், ஓரத்தில் நெருங்கியும் நடுவை நோக்கி ஐதாகியும் கரும்புள்ளிகள் தெரிந்தால், அது பனஞ்சிலாகையின் நுனியைப் பார்ப்பதுபோலவே இருக்கும். புள்ளி ஒவ்வொன்றும் நார் சூழ்ந்த ஒரு கலன்கட்டு. பாமொக்சிலன் எனப்படும் இந்தக் கல்மரம் மத்திய இந்தியாவின் தக்காண எரிமலைப் படைகளுக்கு இடைப்பட்ட படிவுகளில் நிறைய உண்டு. ஆனால் அது பனையா, தென்னையா, வேறு உறவா என்பதைப் புள்ளிகளைப் பார்த்து மட்டும் முடிவுசெய்ய முடியாது.

பெயர்ச்சீட்டு

சீட்டு இல்லாமற்போவது சிறு சேகரிப்புகளுக்கு மட்டும் நேரும் குறை என்று நினைக்கவேண்டாம். பிரித்தானியப் புவியியல் அளவைத் துறையின் அலுமாரி ஒன்றில், பதிவுசெய்யப்படாத தாவரச் சுவடுகள் என்று எழுதிய இழுப்பறைகளை ஹவார்ட் பால்கன்-லாங் 2011இல் திறந்தபோது, 314 கண்ணாடித் தகடுகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றில் சார்ள்ஸ் டார்வினின் பெயர் பொறித்திருந்தது. பீகிள் பயணத்தில் சிலியின் சீலோ தீவில் 1834இல் அவர் எடுத்த மரத்துண்டு அது. 1846 அளவில் இவற்றைத் தொகுத்த ஜோசப் ஹூக்கர், பதிவேட்டில் ஏற்றுமுன் இமயமலைக்குப் புறப்பட்டுவிட்டார். தகட்டில் இருந்த அந்தக் கையெழுத்து இல்லையேல் அது வெறும் மரத்துண்டாகவே மிஞ்சியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டை வைத்திருப்பவர், அதை வினாகிரியிலோ வேறு அமிலத்திலோ கழுவக்கூடாது. சுண்ணக்கல்லானால் சுவடே கரைந்துபோகும். வார்னிஷ் பூசினால் இலைத்தோலை ஆராய முடியாது. ஒட்டியிருக்கும் பாறையைத் தட்டி எடுக்காமல், கல்லின் பின்புறத்தில் கறுப்பு மையால் ஓர் எண்ணிட்டு, யார் கொண்டுவந்தார், எந்தத் துறையிலிருந்து, எந்தக் கப்பலில் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அந்த எண்ணோடு எழுதிவைத்த பின்னரே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியற் துறை போன்ற இடத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். அறுப்பதற்குத் துண்டைக் கொடுக்கும்போது ஒரு பாதியை அறுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.