.32 போர்: உரிமக் கைத்துப்பாக்கியின் அளவும் சென்னைத் தெருவின் நெருக்கமும்

எந்த அளவுத் தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கியை அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்குச் சென்னையில் உரிமம் பெற்ற ஒருவருக்கு நடைமுறையில் ஒரே விடைதான் உண்டு: .32. கான்பூர் அரசு ஆலையின் ரிவால்வர் அந்த அளவு. 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தப்பட்ட ‘நிர்பீக்’ அந்த அளவு. 2023-இல் வந்த ‘பிரபல்’ ரிவால்வரும் அதே அளவு. .22-இலும் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் தற்காப்புக்கென்று விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் .32-ஐத்தான் கேட்கிறார். இந்த அளவு வந்த வழி மனித உடலைப் பற்றிய ஆய்வு அல்ல, அரசின் அச்சம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அச்சத்தால் பிறந்த அளவுகோலைக் கொண்டு ஒரு நெரிசலான நகரத்தின் பாதுகாப்பை அளக்க முடியாது என்பது அதன் தொடர்ச்சி.

படைக்கலச் சட்டம் 1959-இன் கீழ் வந்த 1962-ஆம் ஆண்டு விதிகள் இதற்கு நேரடிச் சான்று. எந்தப் போர் (குழலின் உள்விட்டம்) தடைக்குரியது என்று சொல்லுமிடத்தில் அவ்விதிகள் காயத்தின் ஆழத்தையோ தோட்டாவின் வேகத்தையோ பேசவில்லை. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும் படையினரின் 9 மி.மீ. தோட்டாவையும் ஏற்றிச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தடைப் பட்டியலில் வைத்தன. படைக்கிடங்கிலிருந்து களவுபோன தோட்டா குடிமகனின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே அளவுகோல்.

இது சுதந்திர இந்தியா கண்டுபிடித்த அச்சம் அல்ல. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் கையிலிருந்து ஆயுதத்தை விலக்கியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1907-ஐ ஒட்டி .450 அளவு வேட்டைத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் தடைப்பட்டது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அவற்றின் குண்டுகள் பயன்பட்டுவிடும் என்பது காரணம். இங்கிலாந்துத் துப்பாக்கி வணிகர்கள் அந்தத் தடையைச் சுற்றிவர .470, .465 போன்ற புதிய அளவுகளையே உருவாக்கினார்கள். யானையைக் கொல்வதில் .450-க்கும் .470-க்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. வேறுபாடு முழுவதும் கிடங்குச் சாவியில் இருந்தது. 1911-இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவர் பயிற்சி பெற்றது, பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில். அதன் பிறகு அந்த அச்சம் தணிந்திருக்க வழியில்லை.

இந்த அளவுகோலின் முரண் .45-இல் அப்பட்டமாகத் தெரிகிறது. ஏறத்தாழ 11.5 மி.மீ. விட்டமுள்ள .45 ஏ.சி.பி. தோட்டா இந்தியாவில் தடையற்ற போராகவே கொள்ளப்படுகிறது. பழைய இறக்குமதித் துப்பாக்கிகள் அந்த அளவில் உரிமத்தோடு கைமாறுகின்றன. 9 மி.மீ.க்கோ தடை. இரண்டும் குழல்வாயில் தரும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுதான், 480 ஜூல் அளவில். .32 ரிவால்வர் தோட்டாவோ 175 ஜூலைச் சுற்றியே நிற்கிறது. ஆளைக் கொல்லும் திறனுக்காகத்தான் 9 மி.மீ. விலக்கப்பட்டது என்று யாரேனும் சொன்னால், .45 அதை உடனே மறுக்கும்.

அப்படியானால் .32 போதாதா? இந்தக் குறையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க விவாதத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரு ராணுவ அலுவலர்கள் மாடுகளையும் பிணங்களையும் சுட்டுப் பார்த்துப் பெரிய தோட்டாவே சிறந்தது என்றார்கள். 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. அலுவலர் இருவர் இறந்த மோதலில் ஒரு 9 மி.மீ. தோட்டா குற்றவாளியின் இதயத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. அதைக் காரணம் காட்டி அந்த அமைப்பு பெரிய அளவுகளுக்கு மாறியது. 2014-இல் அதன் பயிற்சிப் பிரிவே 9 மி.மீ.க்குத் திரும்பலாம் என்று எழுதியது. நூறாண்டுக் கால விவாதத்தில் மிஞ்சிய முடிவு இது: கைத்துப்பாக்கித் தோட்டாவின் விட்டத்தைவிட அது உடலில் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதே முக்கியம்.

இந்த முடிவுக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருந்த அறைக்குள், சில அடி தூரத்தில் நடந்தது அது. இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்று, இருபது ஆண்டுகள் வாழ்ந்து 1987-இல் மறைந்தார். ராதா 1979 வரை இருந்தார். எம்.ஜி.ஆரின் பழைய குரல் மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. நெற்றிக்கு நேராகச் சுட்டுக்கொண்டவர்களும் சுடப்பட்டவர்களும் பிழைக்கிறார்கள், எங்கோ தெறித்த தோட்டாவில் வழிப்போக்கர் இறக்கிறார்கள் என்பது தடயவியல் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. இத்தனை நிச்சயமின்மை கொண்ட கருவியை 175 ஜூலா 480 ஜூலா என்று எண்ணைக் கொண்டு நம்புவது தவறு.

நான் கவலையோடு கேட்க விரும்புவது வேறு. தோட்டா குறியைத் தவறவிட்டால் எங்கே போகும்? நியூயார்க் காவல்துறையை 2008-இல் ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், துப்பாக்கிச் சண்டைகளில் காவலர் சுட்டவற்றுள் குறியைத் தொட்டவை 18 விழுக்காடு என்று கண்டது. அவர்கள் ஆண்டுதோறும் பயிற்சி பெறுபவர்கள். 2012 ஆகஸ்டில் அதே நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தருகே இரு காவலர்கள் 16 முறை சுட்டபோது, காயம்பட்ட வழிப்போக்கர் ஒன்பது பேரும் காவலர் தோட்டாக்களாலோ அவற்றின் சிதறல்களாலோ அடிபட்டவர்கள். அந்த நடைபாதையின் அகலத்தை ரங்கநாதன் தெருவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை உஸ்மான் சாலையில் நகைக்கடை வாசலில் நிற்பவருக்கு முன்னும் பின்னும் கைக்கெட்டும் தூரத்தில் ஆட்கள். பங்குனியில் அறுபத்துமூவர் வரும் நாளில் மயிலை மாட வீதிகளில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே .32-இன் ‘பலவீனம்’ யாரையும் காக்காது. குறி தவறிய .32 தோட்டா பின்னால் நிற்பவரைக் கொல்லப் போதுமான வலிமையோடுதான் போகும்.

பணம் எடுத்துச் செல்லும் நகை வணிகருக்கும் வட்டிக்கடைக்காரருக்கும் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் காவலுக்கு வைத்த துப்பாக்கியும், இடுப்பில் சொருகி பனகல் பூங்கா பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் துப்பாக்கியும் ஒரே ஆபத்து அல்ல. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உறையில் முழுக்க மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன, பயிற்சியையும் கேட்கின்றன. இடத்தைப் பற்றி அவை கேட்பது போதாது.

2016 இறுதிக் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம். நாம் காத்துவந்த இந்தக் குறைந்த எண்ணிக்கை எந்த அளவுத் தோட்டாவும் தர முடியாத பாதுகாப்பு. தடைப் பட்டியலைத் திருத்தும் நாள் வந்தால், கிடங்குத் தோட்டா பொருந்துமா என்பதை மட்டும் பார்க்காமல் ஊடுருவலையும் சூழலையும் அளவாகக் கொள்ள வேண்டும். அதுவரை, சென்னையில் உரிமம் வழங்கும் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள்: தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கேட்டு தி.நகரிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் வரும் விண்ணப்பங்களில், எந்தப் போர் என்று கேட்கும் முன், அதை எந்தத் தெருவில், எந்த நேரத்தில் இடுப்பில் வைத்திருக்கப் போகிறார் என்று எழுதி வாங்குங்கள்.