குடிமைத் திருமணம்

சமயச் சடங்கைச் சாராமல், அரசு அலுவலர் முன்னிலையில் நடந்து சட்டப்படி செல்லுபடியாகும் திருமணம். பேச்சு வழக்கில் பதிவுத் திருமணம் எனப்படும்.

பிரான்சு 1792 செப்டம்பரில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைத் திருச்சபையிடமிருந்து எடுத்து நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. இன்றும் அங்கு நகராட்சி மன்றத்தில் நடப்பதே சட்டத்தின் கண்ணில் திருமணம். தேவாலயத்துக்குப் போவதானால் அதன் பிறகுதான். இந்த வரிசையை மீறிச் சடங்கு நடத்துவதை வழக்கமாகக் கொள்ளும் குருமாருக்கு ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்கத் தண்டனைச் சட்டம் இடமளிக்கிறது. கண்டிப்பு சற்று அதிகம்தான். ஜெர்மனியில் இத்தகைய தடை 2009இல் நீங்கியது. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் முதல் சமயம், குடிமை என இரு வழிகளும் உண்டு.

இஸ்ரேல் பிரான்சுக்கு நேர் எதிர். உள்நாட்டில் குடிமைத் திருமணமே கிடையாது. சமயம் கடந்து மணப்போர் பலர் சைப்ரசுக்குப் போய் மணமுடித்துத் திரும்புகின்றனர், அதை அரசு பதிவு செய்துகொள்கிறது.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. வீட்டார் எதிர்ப்புக்கிடையே மணப்போருக்கு அதுவே பெருந்தொல்லை. தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணத்துக்குப் புரோகிதரும் வேண்டாம், அலுவலரும் வேண்டாம். 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இந்து திருமணச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தது.