எஸ்.எஸ்.எச். தனித்திறவுகோல் மேலாண்மை

எஸ்.எஸ்.எச். என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழைவதற்கான நெறிமுறை; இதை 1995இல் பின்லாந்தின் தாத்து யூலோனன் உருவாக்கினார். நுழைபவரை அடையாளங்காண உதவும் திறவுகோல் இணையில், பொதுத்திறவுகோல் வழங்கியிலும் தனித்திறவுகோல் பயனரிடமும் இருக்கும். இம்முறையின் பாதுகாப்பு கணித வலிமையோடு முடிந்துவிடுவதில்லை; திறவுகோலைப் பேணும் முறையையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, டெபியன் இயங்குதளத்தில் 2006இல் புகுந்து 2008இல் வெளிப்பட்ட பிழையால் அதில் உருவான திறவுகோல்கள் ஊகிக்கத்தக்கவையாயின. மென்பொருளைத் திருத்தினால் மட்டும் போதவில்லை. பழைய திறவுகோல்களை ஒவ்வொரு வழங்கியிலிருந்தும் நீக்க வேண்டியிருந்தது. எனவே, எந்தத் திறவுகோல் யாருடையது, எங்கே செல்லும் என்ற பதிவேடு இன்றியமையாதது.

தனித்திறவுகோலைக் கடவுத்தொடரால் பூட்டுவது வேலையைத் தாமதப்படுத்தும் என்பர். ஆனால், பூட்டவிழ்த்த திறவுகோலை எஸ்.எஸ்.எச். ஏஜென்ட் என்ற நிரல் நினைவகத்தில் வைத்திருப்பதால், அமர்வுக்கு ஒருமுறை தட்டச்சிட்டால் போதும். ஆளில்லாமல் இயங்கும் பணிகளுக்கு இவ்வாறு தட்டச்சிடுவது பொருந்தாது என்பது மெய். அங்கே திறவுகோலுக்கு ஒரு கட்டளையை மட்டும் அனுமதிப்பதும், 2010 முதல் ஓப்பன்எஸ்.எஸ்.எச். மென்பொருள் ஏற்கும் காலவரம்புள்ள சான்றிதழ்களும் திறவுகோல் திருட்டின் சேதத்தைக் குறைக்கும்.